படமும் பாட்டும்: கோடிக்காட்டு நிலப்படத்தை முன்வைத்து

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் வேளாங்கண்ணியில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இத்தகைய விழாவில் கவிதையைப் பற்றிப் பேசுவதே முறை. நானோ கவிதை நூல் எதனையும் கையில் கொண்டுவரவில்லை. ஒரு நிலப்படத்தைக் கொண்டு வந்திருக்கிறேன். இந்திய நில அளவைத் துறை வெளியிட்ட தாள்களுள் ஒன்றின் பழைய பதிப்புக்குரிய படி இது. பள்ளிப் பாடநூல்கள் இவ்வகைப் படத்தைத் 'தலப்படம்' என்கின்றன. அலுவலகங்களில் 'டோப்போ ஷீட்' என்பதே வழக்கு. இதில் உவமை இல்லை, அணி இல்லை, யாப்பும் இல்லை. ஆயினும் இதுவும் ஒரு பனுவலே. படிக்கத் தெரிந்தவர்க்குப் பேசும். படிக்காதவர்க்கு வெறுந்தாளாகக் கிடக்கும். இந்தப் பனுவலைப் பாவலர்கள் ஏன் படிக்கவேண்டும் என்பதே இன்று யான் எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் இத்தாளின் முகவரியைச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவையும் அதனைச் சூழ்ந்த நாடுகளையும் நான்கு பாகை நீளமும் நான்கு பாகை அகலமும் கொண்ட பெருங்கட்டங்களாகப் பகுத்து எண்ணிட்டனர். அவற்றுள் 58ஆம் கட்டம் வடக்கே 8 முதல் 12 பாகை வரையும், கிழக்கே 76 முதல் 80 பாகை வரையும் பரந்தது. அதனைப் பதினாறாகப் பகுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்தை இட்டனர். அவற்றுள் 'என்' என்னும் எழுத்துக்குரியது காவிரிக் கழிமுகம். அதனையும் பதினாறு தாள்களாக்கினர். 13ஆம் தாளில் நாகப்பட்டினம் இருக்கிறது. 14ஆம் தாளில் நாம் கூடியிருக்கும் வேளாங்கண்ணி. 15ஆம் தாளில் வேதாரணியமும் அகத்தியம்பள்ளியும் கோடியக்காடும் கோடியக்கரையும். 16ஆம் தாளுக்குரிய இடம் முழுவதும் கடல். ஆக, என் கையிலுள்ள '58 என்/15' என்னும் இத்தாள் சோழநாட்டு நிலம் முடியுமிடம். 'கோடி' என்னும் சொல்லுக்கு முனை, கடை என்னும் பொருள்கள் உண்டல்லவா? ஊரின் பெயர் சொன்னதையே தாளின் எண்ணும் சொல்கிறது.

இனி, இந்த அளவை எப்படித் தொடங்கிற்று என்பதைச் சுருங்கக் காண்போம். நில அளவைத் துறை 1767இல் வங்காளத்தில் தோன்றியது. சென்னையில் 1794இல் மைக்கேல் டாப்பிங் என்பவரின் முயற்சியால் நில அளவைப் பள்ளி தொடங்கப் பெற்றது. இன்றைய கிண்டிப் பொறியியற் கல்லூரி தன் மரபை அப்பள்ளியினின்றே கணக்கிடுகிறது. 1802இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலி கொண்டு அளந்தார். அந்த ஒரு கோட்டிலிருந்து முக்கோணத்தின்மேல் முக்கோணமாக வளர்ந்ததே இந்தியா முழுவதையும் அளந்த பெருமுக்கோண அளவை. பிற்காலத்தில் இமயத்தின் உயரத்தைக் கணித்ததும் அதன் தொடர்ச்சிதான்.

முக்கோண அளவைக்கு உயர்ந்த இடம் வேண்டும். ஓரிடத்தில் நின்று மற்றோரிடத்தைக் காணவேண்டும். மலைநாட்டில் குன்றின்மேல் ஏறினால் போதும். தஞ்சைத் தரணியில் குன்றுக்கு எங்கே போவது? கண்ணுக்கெட்டிய வரை வயல். வயலை அடுத்துத் தென்னையும் பனையும். அவற்றுக்குமேல் தலை நீட்டி நிற்பவை கோயில் கோபுரங்களே. எனவே லாம்டன் கோபுரங்களை நாடினார். 1808இல் தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் விமானத்தின்மீது தம் பெரிய தியோடலைட் கருவியைக் கயிறு கட்டி ஏற்றினார். அக்கருவி ஏறத்தாழ அரை டன் எடையுள்ளது. இலண்டனிலிருந்து வரும் வழியில் பிரெஞ்சுக்காரர் கையில் அகப்பட்டு மீண்டது. அத்தனை இடர் கடந்த கருவி, தஞ்சையில் கயிறு அறுந்து சுவரில் மோதிச் சிதைந்தது. லாம்டன் ஆறு வாரங்கள் கூடாரத்தில் அடைந்திருந்து, அதன் வளைந்த வட்டத்தைத் தட்டிச் சீராக்கி, மீண்டும் அளவையைத் தொடங்கினார் என்பது வரலாறு.

இந்நிகழ்ச்சியைக் கடவுட் சினமென்று சொல்வாரும் உளர். வெறும் விபத்தென்று சொல்வாரும் உளர். அவ்வழக்கு இங்கு வேண்டா. எனக்குத் தோன்றுவது வேறு. அளக்க வந்தவனுக்கு இந்த மண்ணில் நிற்க ஓர் உயரம் கிடைத்ததென்றால், அது இங்கு வாழ்ந்தோர் முன்பே எழுப்பி வைத்த உயரம். இந்த நாட்டுப் படங்கள் எதுவும் வெற்றிடத்திலிருந்து வரையப்பட்டதன்று. ஏற்கெனவே பெயரிடப்பெற்ற, பாடப்பெற்ற, வழிபடப்பெற்ற நிலத்தின்மேல்தான் அளவைச் சங்கிலி விழுந்தது.

உயரம் என்றவுடன் இத்தாளின் முதல் வியப்பைச் சொல்லவேண்டும். தலப்படத்தின் உயிர் அதன் சமஉயரக் கோடுகள். ஒரே உயரமுள்ள இடங்களையெல்லாம் தொட்டுச் செல்லும் பழுப்பு நிறக் கோடுகள் அவை. ஆனைமலையையோ பழனிமலையையோ காட்டும் தாளை விரித்தால், கைரேகைபோல் அக்கோடுகள் நெருங்கிச் சுழலும். கோடிக்காட்டின் தாளில் அப்படியொரு கோடு காட்டைத் தொடவே இல்லை. பிற்காலத்து ஐம்பதாயிரத்துக்கு ஒன்று என்னும் அளவுள்ள படத்தில் 20 மீட்டர் உயர்ந்தால்தான் ஒரு கோடு எழும். இக்காட்டில் எவ்விடமும் அந்த உயரத்துக்கு வருவதில்லை. மேடுகள் உண்டு, பள்ளங்கள் உண்டு, மணற்றொடர்கள் உண்டு. ஆயினும் அவை கோட்டுக்குள் அடங்காதவை. நிலத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டவென்றே பிறந்த படம், இந்நிலத்தின் ஏற்ற இறக்கத்தின்முன் வாய் மூடி நிற்கிறது.

ஆனால் இங்கு வாழ்ந்தோர் வாய் மூடவில்லை. ஓரடி உயர்ந்தாலும் அதற்கு ஒரு பெயர் வைத்தனர். மேடு, திடல், திட்டு, படுகை, பள்ளம், தாழி, அளம், கழி என்று சில விரற்கடை வேறுபாட்டுக்கும் இந்த வட்டாரத்தில் சொல் உண்டு. வெள்ளம் வரும் நாட்டில் ஓரடி உயரம் என்பது உயிர் பிழைக்கும் உயரம். கோடிக்காட்டின் மிக உயர்ந்த இடம் ஒரு மணல்மேடு. அதன்மீது ஒரு மேடையில் கல்லில் பதித்த இரு பாதங்கள் உள்ளன. இராமர் பாதம் என்று அவ்விடத்துக்குப் பெயர். இலங்கையை நோக்கி நின்ற இராமன் கால் பதித்த இடம் என்பது மக்கள் நம்பிக்கை. அங்கே ஏறி நின்றால்தான் காடும் கடலும் ஒருசேரத் தெரியும். அளவைக் கோடு காட்டாத உயரத்தை மக்கள் ஒரு கதையால் குறித்து வைத்தனர் என்பதை நீங்கள் கருதிப் பார்க்கவேண்டுகிறேன்.

இதன் மறுபுறமும் சுவையானது. இந்தியாவின் உயரங்களையெல்லாம் கடல் மட்டத்திலிருந்துதானே கணக்கிடுகிறோம்? அந்த மட்டத்தை 1909இல் நிறுவியபோது ஒன்பது துறைமுகங்களில் அலையேற்ற இறக்கத்தை அளந்து சராசரி கண்டனர். கராச்சி, மும்பை, கார்வார், பேப்பூர், கொச்சி, சென்னை, விசாகப்பட்டினம், ஒரிசாக் கரையின் ஃபால்ஸ் பாயிண்ட் ஆகியவற்றோடு நம் நாகப்பட்டினமும் அவற்றுள் ஒன்று. மலைகளின் உயரம் கூறும் எண்களில் நம் நாகைக் கடலின் மூச்சும் கலந்திருக்கிறது. மலையற்ற நாடு மலைகளுக்கு அடி வகுத்துக் கொடுத்தது!

இனிப் பாட்டுக்கு வருகிறேன். இத்தாளில் கோடியக்காட்டின் பக்கத்தில் ஒரு கோயில் உண்டு. அங்குள்ள இறைவன் கோடிக்குழகர். தேவார ஆசிரியர் மூவருள் ஒருவரான சுந்தரர் அத்தலத்தைப் பாடியிருக்கிறார். சேரமான் பெருமாளோடு மறைக்காட்டைத் தொழுது, பின் கோடிக்கு வந்து, அருகில் குடியிருப்பு ஒன்றும் இன்மை கண்டு உள்ளம் வருந்திப் பாடினார் என்று பெரியபுராணம் கூறுகிறது. அப்பதிகத்தின் பொருளை நினைவுகூருங்கள். கடற்காற்று விரைந்து வந்து மோதும் இந்தக் கரையில், பக்கத்தில் ஒரு குடி இருந்தால் குற்றமா, யாரைத் துணையாகக் கொண்டு இங்கே இருக்கின்றீர் என்று இறைவனையே கேட்கிறார் அவர். கூகை குழறும் காடு அது என்று அஞ்சுகிறார். தெய்வத்துக்குத் துணை இல்லையே என்று மனிதன் கலங்கும் இடம் அது.

இப்பொழுது படத்தையும் பதிகத்தையும் அருகருகே வையுங்கள். வேதாரணியத்துக்கும் கோடியக்கரைக்கும் எத்தனை மைல் என்பதை அளவுகோல் கொண்டு நொடிப் பொழுதில் படத்தில் அளந்துவிடலாம். பதிகத்தில் மைல் கணக்கு இல்லை. ஆனால் அந்த மைல்களைக் கடந்துபோய் நின்றால் நெஞ்சுக்கு என்ன ஆகும் என்பது பதிகத்தில் இருக்கிறது, படத்தில் இல்லை. தொலைவைப் படம் அளந்தது. தனிமையைப் பாட்டு அளந்தது. தொல்காப்பியர் வகுத்த முதல், கரு, உரி என்னும் மூன்றனுள் நிலம் என்னும் முதற்பொருளைப் படம் நன்கு அறியும். கருப்பொருளைச் சிறிதளவு அறியும். பனைக்கு ஒரு குறி, மற்றைத் தெங்கினத்துக்கு ஒரு குறி, வாழைக்கு ஒரு குறி, கிணற்றுக்கு, கோயிலுக்கு, பள்ளிவாசலுக்கு, மாதா கோயிலுக்கு, கலங்கரை விளக்கத்துக்கு ஒவ்வொரு குறி என வைத்திருக்கிறது. உரிப்பொருள் அதற்கு எட்டாது. பொழுதும் எட்டாது, தாளின் விளிம்பில் அச்சிட்ட அளவை ஆண்டு ஒன்றே அது அறிந்த பொழுது.

இந்த வேறுபாட்டைச் சொல்லிக் கவிதையே உயர்ந்தது என்று கைதட்டல் பெறுதல் எளிது. அவ்வாறு முடித்துவிட எனக்கு விருப்பமில்லை. ஏனெனில் கவிதை கைவிட்ட சிலவற்றைப் படம் காத்திருக்கிறது. அவற்றுள் தலையாயவை பெயர்கள்.

ஆங்கிலப் படங்கள் கோடியக்கரையைப் 'பாயிண்ட் காலிமேர்' என்று குறிக்கின்றன. இதென்ன பறங்கிப் பெயர் என்று பலரும் வெறுப்பர். அதன் வேர் 'கள்ளிமேடு' என்னும் தமிழ்ப் பெயரே என்று கருதுவர். வேதாரணிய வட்டாரத்தில் கள்ளிமேடு என்னும் ஊர் இன்றும் இருக்கிறது. கள்ளி முளைத்த மேடு ஒன்று கடலோடிகளின் கண்ணில் பட்டு, அவர்கள் நாவில் திரிந்து, படத்தில் ஏறி, உலகின் கப்பல்களெல்லாம் அறிந்த பெயராயிற்று. நாம் அயற்பெயர் என்று ஒதுக்கும் சொல்லுக்குள் நம் கள்ளியும் நம் மேடும் ஒளிந்திருக்கின்றன. வேற்றார் வாயில் சிதைந்தேனும் பெயர் பிழைத்தது. நம் வாயில் சிதையாமலே எத்தனை பெயர்கள் செத்தன என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

சிதைவும் சிறிதன்று. உரோமன் எழுத்துக்கு ண, ன, ந என்னும் மூன்றும் ஒன்றே. ல, ள, ழ என்பனவும் பெரும்பாலும் ஒன்றாகிவிடும். ர, ற என்னும் வேறுபாடு அதற்கு இல்லை. குறிலும் நெடிலும் ஒரே எழுத்தால் நிற்கும். ஆகவே படத்தில் 'கோடி' என்பதும் 'கொடி' என்பதும் வேறுபடா. நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 'வேளாங்கண்ணி' என்று எழுதுவோரும் 'வேளாங்கன்னி' என்று எழுதுவோரும் நம்மிடையே உள்ளனர். கண்ணி என்றால் ஒரு பொருள். கன்னி என்றால் வேறொரு பொருள். படமோ இரண்டையும் ஒரே எழுத்துக்களில் அச்சிட்டு, வழக்கைத் தீர்க்காமல் ஒதுங்கிக்கொள்கிறது.

மறைக்காட்டின் கதை இன்னும் ஆழமானது. மறை என்றால் வேதம். வேதங்கள் வழிபட்டுத் திருக்கதவை அடைத்துச் சென்ற தலம். அப்பர் பாடத் திறந்தது, சம்பந்தர் பாட அடைத்தது என்பது நாம் போற்றும் வரலாறு. அப்பெயரின் வடமொழி வடிவமே வேதாரணியம். இதற்கிடையே, முதலில் இது 'மரைக்காடு' என்று இருந்திருக்கலாம் எனக் கருதுவோரும் உண்டு. மரை என்பது மானினத்துள் ஒன்று. கோடிக்காட்டில் இன்றும் மான்கள் திரிகின்றன. வெளிமான் என்றும் திருகுமான் என்றும் சொல்லப்பெறும் இரலையினம் வாழும் காடு அது. இவ்விரு கருத்துள் எது சரியென்று தீர்ப்புக் கூற யான் இங்கு வரவில்லை. வல்லின றகரத்துக்கும் இடையின ரகரத்துக்கும் நடுவே ஒரு காட்டின் இரு வரலாறுகள் நிற்கின்றன என்பதே நான் சொல்ல வந்தது. அவ்வெழுத்து வேறுபாட்டைக் காட்டும் ஆற்றல் தமிழெழுத்துக்கு உண்டு. இந்நிலத்தின் படத்தைத் தமிழில் எழுதினாலொழிய இவ்வினாவைக்கூட எழுப்ப இயலாது.

அடுத்து, படத்தின் பச்சை நிறம். காட்டுக்குப் பச்சை, நீருக்கு நீலம், பயிர் நிலத்துக்கு மஞ்சள், குடியிருப்புக்கும் சாலைக்கும் சிவப்பு. இந்தப் பச்சையின் ஓரத்தில் ஓர் எல்லைக்கோடு ஓடுகிறது. அதனுள் இருப்பது காப்புக்காடு. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம் இத்தகைய கோடுகளுக்கு உயிர் கொடுத்தது. கோடு விழுந்த நாள் முதல், விறகு பொறுக்கியவள், ஆடு மேய்த்தவன், மூலிகை பறித்தவன், பாலைப்பழம் உதிர்த்தவள் ஆகிய அனைவரும் சட்டத்தின் கண்ணில் அயலார் ஆயினர். காடு அவர்களுக்கு முன்போலவே தெரிந்தது. அவர்கள்தாம் காட்டுக்குரியவர் அல்லர் என்று படம் சொல்லிற்று. படத்தின் கோடு மையால் ஆனது; அதன் வலி மையால் ஆனதன்று.

ஆனால் உண்மை ஒரு பக்கத்தில் மட்டும் நிற்பதில்லை. அக்கோடு இல்லாதிருந்தால் கோடிக்காடு இன்று இருக்குமா? மேற்கே உப்பளங்கள் பரந்தன. 1930 ஏப்ரல் 13ஆம் நாள் திருச்சியிலிருந்து இராஜாஜி தலைமையில் புறப்பட்ட தொண்டர்கள் 28ஆம் நாள் வேதாரணியத்தை அடைந்து, 30ஆம் நாள் அகத்தியம்பள்ளியில் உப்பெடுத்தனர். அகத்தியம்பள்ளியும் இத்தாளில்தான் இருக்கிறது. விடுதலை வேட்கை விளைந்த அதே உவர்நிலம் பின்னர் வாணிபம் விளைந்த நிலமும் ஆயிற்று. 1990களில் இறால் பண்ணைகள் நாகைக் கரையை மொய்த்தன. வயலும் குடிநீரும் உவர்த்தன. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இத்தகைய பண்ணைகள் கூடா என்றது அது. ஒரு பண்ணை மண்டலத்தின் உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று எதைக்கொண்டு முடிவு செய்வது? உயர்அலைக் கோட்டைக்கொண்டு, அதாவது மீண்டும் ஒரு படத்தைக்கொண்டு. எளியவரை வெளியே நிறுத்திய கோடே, எளியவரின் வயலைக் காக்கவும் வந்தது. கோட்டை வரைந்தவன் கையில் மட்டும் விட்டுவிடாமல் நாமும் படிக்கக் கற்கவேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

1967இல் கோடிக்காடு விலங்குகளின் சரணாலயம் ஆயிற்று. 2002இல் இக்காடும் இதனை அடுத்த ஈரநிலமும் முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் சேர்ந்து 38,500 எக்டேர் பரப்பு ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலகச் சிறப்புடைய ஈரநிலமாக அறிவிக்கப்பெற்றது. பூநாரைகள் வந்திறங்கும் நிலம் அது. ஆயினும் படத்தின் பச்சை, எந்த மரத்தின் பச்சை என்பதைச் சொல்லாது. இக்காட்டின் தலைமை மரம் பாலை. நாவலும் உகாவும் அதற்குத் துணை. பின்னாளில் புகுந்த சீமைக்கருவேலும் அதே பச்சையில் கலந்து மறைகிறது. திணைப் பாலைக்குரிய மரம் எது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும், பாலை என்னும் பெயருடைய மரம் நெய்தற் கரையில், மருதத்தின் விளிம்பில், மான் திரியும் முல்லைபோன்ற வெளியில் நிற்கும் காட்சி திணை இலக்கணம் கற்ற நமக்கு இனிய திகைப்பைத் தருகிறது. திணைமயக்கத்தை உரையாசிரியரிடம் தேடுவோர் ஒருமுறை கோடியக்காட்டுக்குப் போய்வரலாம்.

நண்பர்களே, இத்துணைச் செய்தி பொதிந்த தாள் நம் மக்களுக்கு எட்டாப் பொருளாகவே நெடுங்காலம் இருந்தது. கடற்கரையையும் நாட்டெல்லையையும் ஒட்டிய பகுதிகளின் தலப்படங்கள் பாதுகாப்புக் கருதிப் பொது விற்பனைக்கு மறுக்கப்பட்டிருந்தன. 2005ஆம் ஆண்டின் தேசிய நிலப்படக் கொள்கைக்குப் பின்னரே பொதுமக்களுக்கான வரிசை என ஒன்று தனியே வந்தது. 2021இல் மேலும் தளர்வு செய்தனர். அதுவரை தன் வீட்டுக் கொல்லை உள்ள படத்தைப் பார்க்க மீனவனுக்கு உரிமை இல்லை. அந்த இருட்டில் தமிழ் வாசகர்க்குக் கோடிக்கரையைக் காட்டியது எது? கல்கியின் 'பொன்னியின் செல்வன்'. 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் அதனைப் படித்த குடும்பங்கள், பூங்குழலியின் பின்னே நடந்து அக்காட்டின் புதைசேற்றையும் கலங்கரை விளக்கத்தையும் குழகர் கோயிலையும் கண்டன. சேற்றில் எங்கே கால் வைக்கலாம், எங்கே வைக்கலாகாது என்பதை அறிந்த பெண்ணாக ஆசிரியர் அவளைப் படைத்தார். படம் கிடைக்காத நாட்டில் ஒரு கதைமாந்தர் படமாக இருந்தாள்.

இவையெல்லாம் பழம்பெருமை பேசச் சொன்னவை அல்ல. 2004 டிசம்பர் 26ஆம் நாளை இந்த ஊரில் யாரும் மறக்க இயலாது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வந்து கரையில் நின்றிருந்தோரைக் கடல் கொண்டது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கோடியக்கரையில் சோழர் காலத்தது எனப் போற்றப்பெற்ற பழைய கலங்கரை விளக்கின் எச்சமும் அன்று வீழ்ந்தது. 2018 நவம்பர் 16ஆம் நாள் நாகைக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல் கோடிக்காட்டின் மரங்களை முறித்தெறிந்தது. இத்தகைய அழிவுக்குப் பின் பழைய படமொன்றே, 'இங்கே மணல்மேடு இருந்தது, இங்கே கழிமுகம் இருந்தது, இந்த வடிகால் இந்த வழியே கடலுக்குப் போயிற்று' என்று சாட்சி சொல்லும் முதியவராகிறது. மேட்டை வெட்டி மனை போட்டதும், வடிகாலைத் தூர்த்ததும், புதிய படத்தோடு பழைய படத்தை ஒப்பிட்டால் வெளிப்பட்டுவிடும். 'பள்ளம்' என்று முடியும் பெயருடைய இடத்தில் வீடு கட்டினால் வெள்ளம் வரும் என்பதைச் சொல்ல அறிவியலாளர் வேண்டா. அப்பெயரை மறவாதிருந்தால் போதும். பெயரை மாற்றி 'நகர்' என்று பலகை நட்டால், மறந்துபோவது ஒரு சொல் மட்டுமன்று. ஓர் எச்சரிக்கையும் அதனோடு போகிறது.

ஆகவே வட்டத்துப் பாவலர்களிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, உங்கள் ஊர் உள்ள தலப்படத்தை ஒருமுறை விரித்து வைத்துப் படியுங்கள். அச்சிட்ட பெயர்களை உரக்கச் சொல்லுங்கள். உரோமன் எழுத்து மறைத்த ழகரத்தையும் றகரத்தையும் ணகரத்தையும் மீட்டுத் தமிழில் எழுதுங்கள். எழுத்தில் ஐயம் வந்தால் அவ்வூர் முதியவரிடம் போய் அவர் நா மடங்கும் இடத்தைக் கவனியுங்கள். அதுவே பதிப்பாசிரியர் செய்யும் வேலை. சுவடி தேடிய தமிழறிஞர் மரபு சுவடியோடு முடிந்துவிடவில்லை. ஊர்ப்பெயரும் ஒரு சுவடிதான்.

இரண்டாவது, படம் விட்டுவிட்டவற்றைச் சேர்த்து எழுதுங்கள். காற்றுக்குப் படத்தில் குறி இல்லை. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று கடலோடிகள் காற்றுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். விறகுப் பெண்கள் நடந்த ஒற்றையடித் தடத்துக்கும், மேய்ப்பர் இளைப்பாறிய மர நிழலுக்கும், வலை உலர்த்தும் மணலுக்கும் பெயர் உண்டு. அவற்றைச் சொல்வோர் பெரும்பாலும் எழுபது கடந்தவர்கள். என் மாணவியர் தம் பாட்டியரிடம் கேட்டு எழுதிவரும் பட்டியல்களில் ஒவ்வோராண்டும் பெயர்கள் குறைந்துகொண்டே வருகின்றன. கவிதைக்குரிய பொருள் இல்லை என்று எவரும் இனிக் கூறவேண்டா.

மூன்றாவது, கோடு போடும் இடத்தில் நீங்களும் இருங்கள். ஊராட்சியில், நீர்வழிக் கணக்கெடுப்பில், கடற்கரை மண்டல வரைபடம் பற்றி மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டத்தில், ஊர்ப்பெயரின் பொருளறிந்த ஒருவர் எழுந்து பேசுவது ஒரு நூல் வெளியீட்டுக்கு ஈடான தமிழ்த்தொண்டு. படம் பேசும் மொழி அதிகாரத்தின் மொழி. அம்மொழிக்கு உரை எழுதும் தகுதி, சொல்லின் வேர் அறிந்த உங்களுக்கு உண்டு.

இவ்வட்டம் தொடங்கிய நாளில் பெரிதாக எதையும் கேட்கவில்லை. திங்களுக்கு ஒரு மாலையும் சில நல்ல பாடல்களும் போதும் என்றது. அடுத்த பத்தாண்டுக்கு யான் ஒன்று கேட்கிறேன். நாகை முதல் கோடிக்கரை வரை உள்ள கரையோரத்தின் பெயர்களையெல்லாம் தொகுத்து, தமிழ் எழுத்தில், பொருளும் கதையும் சேர்த்து, ஒரு நூலாக இவ்வட்டம் வெளியிடவேண்டும். துணையின்றி இருந்த கோடிக்குழகருக்குச் சுந்தரரின் கேள்வியே ஒரு துணையாயிற்று. இன்று துணையின்றி நிற்பவை அந்தக் கரையின் பெயர்கள். அவற்றுக்கு யார் துணை என்று கேட்டு அமைகிறேன்.